சினைப்பை டாக்டரும் கண் ஆஸ்பத்திரியும்

"இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை 1986-ல் மும்பையில் பிறந்தது" என்று நண்பர்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தப்பு. 1978 அக்டோபர் 3-ஆம் தேதியே கல்கத்தாவில் பிறந்துவிட்டது. பெயர் துர்கா. உலகின் முதல் குழந்தையான லூயிஸ் பிரவுனுக்கு இரண்டு மாதச் சொச்சம்தான் இளையவள்.

செய்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. ஊசி போட்டுச் சினைப்பையைத் தூண்டி, ஒரே சுழற்சியில் பல முட்டைகளை முதிர வைத்தார். (மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து எடுத்த ஹார்மோன் அது. நம்புங்கள்.) வெளியே கருவாக்கி, உறைய வைத்து, கருப்பை சீரான பிறகு உள்ளே வைத்தார். இன்று பல கருத்தரிப்பு மையங்களில் நடப்பது இதுதான்.

மேற்கு வங்க அரசு கமிட்டி போட்டது. அது நம்ப மறுத்தது. சந்தேகப்பட்டது நியாயம்தானே என்பார்கள். சரி, சந்தேகம் வந்தால் திரும்பச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். இவர்களோ ஜப்பான் கருத்தரங்குக்குப் போகவிடவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். நம் நெய்வேலியில் சுரங்க இன்ஜினியரைப் பூங்கா பராமரிப்புக்கு அனுப்புவதுபோல! அந்த ஜூன் 19-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். விதி என்கிறார்கள். விதி டிரான்ஸ்பர் ஆர்டரில் கையெழுத்துப் போடுமா?

1986 குழந்தைக்குக் காரணமான விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல்வர் அவர்தான், நானல்ல என்று 1997-ல் எழுதினார். செத்து 16 வருஷம் கழித்துக் காகிதத்திலிருந்து இவருக்குப் புரிந்தது, ஆள் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தபோது கமிட்டிக்கு ஏன் புரியவில்லை?