பெயர்ச்சீட்டில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்

பள்ளி அறிவியல் கழகத்திற்கு ஓர் ஆர்க்கிட் குடுவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத இருபது நாற்றுகள். மாணவர்கள் அவற்றை மெல்ல வெளியே எடுத்து, வேரில் ஒட்டியிருக்கும் அகார் அகாரைத் தண்ணீரில் கழுவி, ஐந்து தொட்டிகளில் நடுகிறார்கள். தொட்டிகள் ஐந்து, குடுவையோடு வந்த பெயர்ச்சீட்டோ ஒன்றுதான். சில மாத வெயிலிலும் மழையிலும் அதன் மையும் அழிந்துவிடுகிறது. "இது நிவியம்தானே?" என்று ஒருவர் கேட்கிறார். "நிவியமாகத்தான் இருக்கும்" என்கிறார் இன்னொருவர். புதுச் சீட்டில் 'நிவியம்' என்று எழுதி வைக்கிறார்கள். 'இருக்கும்' என்ற ஐயம் மட்டும் சீட்டில் ஏறவில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது அறிவியலில் பெரிய தவறு. சிலிப்பர் ஆர்க்கிட் வளர்ப்பில் அது நன்றாகவே தெரியும்.

பூவின் ஓர் இதழ் சிலிப்பரின் முன்பகுதிபோல் பையாகக் குழிந்திருப்பதால் இவற்றுக்கு இந்தப் பெயர். நம் பகுதியில் வளர்பவை பாஃபியோபெடிலம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. லங்காவியின் சுண்ணாம்புப் பாறைகளில் வெள்ளை நிற நிவியம் பூக்கிறது. சபாவின் கினாபாலு மலைப்பகுதியில் ரோத்ஸ்சில்டியானம் பூக்கிறது.

ஆர்க்கிட் விதை தூசுபோல் இருக்கும். முளைப்பதற்கான உணவு அதில் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சைதான் அதற்கு உணவு தருகிறது. 1899-இல் பிரான்சின் நோயல் பெர்னார் இதைக் கண்டறிந்தார். 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகாரில் பூஞ்சை இல்லாமலேயே விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். 1928 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹோல்ட்டம் இம்முறையைக் கொண்டு கலப்பினங்களை உருவாக்கத் தொடங்கினார். இன்று ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கான விதைகளைக் குடுவையில் விதைக்க முடிகிறது. காட்டுச் செடியைப் பிடுங்காமலேயே அரிய பூவை வளர்க்க முடிகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நிவியம், கோட்ஃப்ராயே, பெல்லாட்டுலம், கான்கலர் ஆகிய நான்கின் இலைகளும் பச்சையும் சாம்பலும் கலந்த திட்டுகளோடு ஒன்றுபோலவே இருக்கும். நாற்றைப் பார்த்து எது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பூத்தால்தான் வேறுபாடு தெரியும்: நிவியத்தில் வெள்ளைமேல் சின்னஞ்சிறு புள்ளிகள், பெல்லாட்டுலத்தில் பெரிய கரும்புள்ளிகள், கான்கலரில் மஞ்சள் நிறம். அதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ரோத்ஸ்சில்டியானத்திற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அந்தச் செடிக்குப் பெயர்ச்சீட்டு ஒன்றுதான் அடையாளம்.

தவறான சீட்டு எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு ரோத்ஸ்சில்டியானமே சாட்சி. 1888-இல் அதற்குப் பெயர் சூட்டப்பட்டபோது, அது நியூ கினியிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. போட்டியாளர்கள் தேடிப் போகாமலிருக்க வணிகர்கள் பரப்பிய பொய் அது. 1959-இல்தான் கினாபாலு சரிவில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. ஒரு பொய் முகவரி எழுபது ஆண்டுகள் நிலைத்துவிட்டது.

"இப்போதுதான் டிஎன்ஏ சோதனை இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் தாவரங்களை அடையாளம் காண 2009-இல் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு மரபணுப் பகுதிகளும் பசுங்கணிகத்தில் இருப்பவை. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் தாய்ச்செடியிலிருந்து மட்டுமே வருகிறது. ரோத்ஸ்சில்டியானத்தைத் தாயாகவும் பிலிப்பினென்சேயைத் தந்தையாகவும் கொண்ட கலப்பினத்தை இப்படிச் சோதித்தால், 'ரோத்ஸ்சில்டியானம்' என்றே விடை வரக்கூடும். கைப்பேசிச் செயலி தரும் பெயரும் ஓர் ஊகம்தான்.

பெயர் தவறினால் என்ன குடி முழுகிவிடும்? தவறான பெயருள்ள செடியின் மகரந்தத்தை எடுத்துக் காய் பிடிக்க வைத்தால், அந்தத் தவறு நூற்றுக்கணக்கான புதுக் குடுவைகளில் பரவும். அந்த நாற்றுகளை ஒருநாள் 'நிவியம்' என்று நம்பி லங்காவிப் பாறையில் நட்டால், நாம் காப்பாற்ற நினைத்த இனத்தையே கலப்படம் செய்தவர்கள் ஆவோம். பாஃபியோபெடிலம் இனங்கள் அனைத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில் உள்ளன. அந்தப் பாதுகாப்புக்குப் பொருள் வேண்டுமானால் பெயர் உண்மையாக இருக்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை எளியது. நாற்றைக் கழுவுவதற்கு முன்பே ஒவ்வொரு தொட்டிக்கும் சீட்டு எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். வெயிலில் மையைவிட அது நிலைக்கும். குடுவையில் இருந்த பெயர், எங்கிருந்து வந்தது, வெளியே எடுத்த நாள், தொட்டி எண் ஆகியவற்றைக் குறியுங்கள். கடைசியில் 'பூத்துச் சரிபார்க்கவில்லை' என்று சேருங்கள். சீட்டு தொலைந்துவிட்டால் ஊகிக்காதீர்கள். பெரிய கேள்விக்குறி ஒன்றைப் போடுங்கள்.

இவ்வளவு கறார் வேண்டுமா, மாணவர்களின் ஆர்வம் குறைந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். என்னைக் கேட்டால், விடை தெரியாத செடிக்குத்தான் ஆர்வத்தோடு தண்ணீர் ஊற்றத் தோன்றும். நீங்கள் படிவம் ஒன்றில் நட்ட நாற்று படிவம் ஐந்தில் பூக்கலாம். நீங்கள் பள்ளியை விட்டுப் போன பிறகும் பூக்கலாம். அன்று அதன் முன்னால் நிற்கும் மாணவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் எழுதி வைத்த சீட்டை மட்டுமே அவர் நம்புவார்.