பால்காட்டில் கேட்ட கேள்வி

துருக்கியின் தலைநகர் அங்காராவிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி பால்காட் என்றொரு கிராமம் இருந்தது. 1950-இல் சர்வே எடுக்க ஓர் இளைஞர் அங்கே போனார். கையில் நீளமான கேள்வித்தாள். ரேடியோ கேட்பதுண்டா, சினிமா பார்த்ததுண்டா என்பதோடு சில கற்பனைக் கேள்விகளும் அதில் இருந்தன. நீங்கள் நாட்டின் தலைவரானால் என்ன செய்வீர்கள்? ஒரு பத்திரிகைக்கு ஆசிரியரானால் அதை எப்படி நடத்துவீர்கள்? சொந்த நாட்டில் வாழ முடியாமல் போனால் எந்த நாட்டுக்குப் போவீர்கள்?

ஆடு மேய்க்கும் ஒருவர், நாட்டின் தலைவர் என்ற கேள்வியிலேயே பதறிப்போனார். இப்படியெல்லாம் கேட்கலாமா என்று திருப்பிக் கேட்டார். ஊர்த்தலைவரோ, பிறந்த மண்ணை விட்டு எங்கும் போவதாக இல்லை என்று முடித்துக்கொண்டார். மளிகைக்கடைக்காரர் மட்டும் மளமளவென்று பதில் சொன்னார். நல்ல சாலை போடுவாராம், ஊர் ஜனங்களை வெளியுலகம் பார்க்க வைப்பாராம். வேறு நாடு என்றால் அமெரிக்காதானாம்.

இந்த மூன்று பேரை வைத்துத்தான் டேனியல் லெர்னர் 1958-இல் வெளியிட்ட 'பாரம்பரியச் சமூகத்தின் மறைவு' என்ற புத்தகம் தொடங்குகிறது. வளரும் நாடுகளில் ஊடகம் என்ற பாடத்தை எடுக்கும் மாணவர்கள் இன்றும் முதலில் சந்திக்கிற பெயர் இவருடையதுதான். லெர்னர் சொன்னது சுருக்கமாக இது: தன்னை இன்னொருவர் இடத்தில் வைத்துப் பார்க்கிற திறன்தான் நவீன மனிதனின் அடையாளம். ரேடியோவும் சினிமாவும் பத்திரிகையும் அந்தத் திறனைப் பெருக்குகின்றன. எனவே ஊடகம் பெருகினால் நாடு முன்னேறும். கடைக்காரர் 'மாறிக்கொண்டிருப்பவர்', ஆடு மேய்ப்பவரும் ஊர்த்தலைவரும் 'பழமையில் நிற்பவர்கள்'.

படிக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், முன்பின் தெரியாதவர், 'நீ ராஜாவானால் என்ன செய்வாய்' என்று கேட்கிறார். பதில் சொல்லாதவருக்குக் கற்பனைத் திறன் இல்லை என்று எப்படி முடிவு கட்டுவது? எச்சரிக்கையாக இருக்கலாம். மரியாதையாக இருக்கலாம். இந்தக் கேள்வியால் தனக்கு என்ன ஆகப்போகிறது என்ற நியாயமான அலட்சியமாகவும் இருக்கலாம். பதறியவருக்குப் பழமைவாதி முத்திரை, வாயாடியவருக்கு நவீன முத்திரை!

லெர்னர் 1954-இல் தானே பால்காட் போனார். கடைக்காரர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். ஊரோ தலைகீழாக மாறியிருந்தது. 1950-இல் ஊருக்கே ஒரு ரேடியோ, அதுவும் ஊர்த்தலைவர் வீட்டில். நாலு வருடத்தில் நூற்றுக்கு மேல். சரி, ரேடியோதான் ஊரை மாற்றியதா? அதே புத்தகத்தில் வேறு விஷயங்களும் இருக்கின்றன. சாலை வந்துவிட்டது, பஸ் வந்துவிட்டது, மின்சாரம் வந்துவிட்டது, அங்காரா நகரம் வளர்ந்து ஊரை விழுங்கிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் கேட்டதும் சாலையைத்தான், ரேடியோவை அல்ல. இன்று பால்காட் அங்காராவுக்குள் அலுவலகங்கள் நிறைந்த ஒரு பகுதி. பஸ்ஸும் தாரும் செய்த வேலையில் பெரும்பங்கு ரேடியோவின் கணக்கில் எழுதப்பட்டது.

ஏன் ரேடியோ? இதற்கு விடை தேடியவர் ஓர் இலங்கையர். ரோஹன் சமரஜீவ 1987-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இந்த சர்வேயின் பிறப்பைத் தோண்டி எடுத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று, அமெரிக்க அரசின் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலிக்காகச் செய்த நேயர் ஆய்வு அது. பனிப்போர் தொடங்கிய காலம். மத்தியக் கிழக்கில் யார் ரேடியோ கேட்கிறார்கள், அமெரிக்க ஒலிபரப்பு கேட்கிறதா, மாஸ்கோவுடையது கேட்கிறதா, கேட்பவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காகச் சேர்த்த பதில்கள்தான் சில வருடங்களில் வளர்ச்சிக் கோட்பாடாக வேஷம் மாறின.

பணம் கொடுத்தவர் அமெரிக்க அரசு என்பதற்காக ஓர் ஆய்வைக் குப்பையில் போட வேண்டியதில்லை. எல்லா ஆய்வுக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிரச்சினை வேறு. 'எங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கிறதா' என்று தொடங்கிய ஆய்வு 'அவர்களுக்கு என்ன தேவை' என்ற கேள்விக்கு விடை தந்ததாகப் பாவனை செய்கிறது. நேயரைத் தேடிப் போனால் கேட்பவர், கேட்காதவர் என்று இரண்டே ஜாதிதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கிராமத்து ஆள் தன் பக்கத்திலிருந்து சொல்ல நினைத்தது எந்தக் கட்டத்திலும் அடங்காது.

பிறகு நடந்ததெல்லாம் இந்த ரேடியோக் கணக்கின் நீட்சி. நூறு பேருக்குப் பத்து நாளிதழ், ஐந்து ரேடியோ, இரண்டு சினிமாக் கொட்டகை இருக்கை, இரண்டு டிவி என்று யுனெஸ்கோ குறைந்தபட்ச அளவு வகுத்தது. வில்பர் ஷ்ராம் 1964-இல் எழுதிய புத்தகம் பல நாட்டுத் தகவல் அமைச்சகங்களுக்கு வேதமானது. எவரெட் ரோஜர்ஸ் புது விதையும் புது உரமும் விவசாயிகளிடையே எப்படிப் பரவுகின்றன என்று கோட்பாடு எழுதினார். அதில் உரத்தை ஏற்காதவர் 'பின்தங்கியவர்'. உரம் வாங்கக் காசில்லாதவரும் அதே பெட்டியில்தான். ரோஜர்ஸைப் பாராட்டத்தான் வேண்டும். 1976-இல் அவரே, அந்தப் பழைய சிந்தனை முறை காலாவதியாகிவிட்டது என்று எழுதினார். அதே ஆண்டு பொலிவியாவின் லூயிஸ் ரமீரோ பெல்ட்ரான், லத்தீன் அமெரிக்காவின் தொடர்பியல் ஆய்வுகள் அந்நிய அனுமானங்களையும் அந்நிய முறைகளையும் கடன் வாங்கி நடப்பதாக வெளிப்படையாகச் சாடினார். நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் விவசாயியின் மனோபாவத்தை மட்டும் அளப்பதில் என்ன பயன் என்பது அவர் பக்கத்து நியாயம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தியாவில் ஒரு பரிசோதனை உண்டு. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி ஒளிபரப்பானது. 'சைட்' என்று பெயர். விக்ரம் சாராபாய் கண்ட கனவு, நனவானபோது அவர் உயிரோடு இல்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. கோழிவலைக் கம்பியில் செய்த பெரிய ஆன்டெனா ஒவ்வொரு ஊரிலும்.

சைட் குறையில்லாதது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது எமர்ஜென்சி காலம், எதைக் காட்டுவது என்பதை அரசுதான் தீர்மானித்தது. ஆனால் ஆய்வு முறையில் ஒரு வித்தியாசம் இருந்தது. பெரிய அளவில் சர்வே எடுத்ததோடு நில்லாமல், மானுடவியல் ஆய்வாளர்கள் சில கிராமங்களில் போய்த் தங்கினார்கள். டிவி பெட்டி வருவதற்கு முன்பும் பின்பும் ஊர் எப்படி இயங்குகிறது, யார் முன்னால் உட்காருகிறார்கள், யார் வருவதே இல்லை என்று பார்த்தார்கள். முடிவுகளும் கசப்பு நீக்காமல் வெளிவந்தன. தொடக்கத்தில் திரண்ட கூட்டம் போகப்போகக் கரைந்தது. உடல்நலம், சுகாதாரம் பற்றிய அறிவு கூடியது, அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாக. விவசாயத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. லெர்னரின் கணக்குப்படி யார் கடைசியாக மாற வேண்டுமோ, அவர்களே அதிகம் கற்றுக்கொண்டார்கள்!

அதே 1975-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற ஊரில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்து இன்னொரு முயற்சி தொடங்கியது. பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் டிவி பெட்டிகள். அந்த மாவட்டத்துக்கு மட்டுமேயான நிகழ்ச்சிகள், அந்த வட்டாரப் பேச்சிலேயே. சாதிக் கொடுமை, குறைந்தபட்சக் கூலி போன்ற விஷயங்களைக் கிராமத்து மக்களே பேசினார்கள், நடித்தார்கள். நிகழ்ச்சி எடுக்கும் முன்பே ஊருக்குப் போய் என்ன வேண்டும் என்று விசாரிப்பது ஆய்வாளரின் வேலையாக இருந்தது. ஒளிபரப்பான பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதோடு அந்த வேலை நின்றுவிடவில்லை. 1984-இல் இதற்கு யுனெஸ்கோ வழியாகச் சர்வதேச விருதும் கிடைத்தது.

ஆனால் கேடா பாடப்புத்தகத்தில் ஒரு பத்திதான். பால்காட்டுக்கோ ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தீசிஸ் எழுதக் கிளம்பும் மாணவரின் கேள்வித்தாளில் இன்றைக்கும் முதல் கேள்வி, தினமும் எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறீர்கள் என்பதாக இருக்கிறது. கீழே நான்கு கட்டங்கள், டிக் அடிக்க. பார்த்ததில் எது உங்களுக்கு உதவியது, எது பொய் என்று தெரிந்தது, உங்கள் ஊர் பற்றி அதில் ஏதாவது வந்ததா என்று கேட்கக் கட்டம் போதாது. அதற்கு அந்த ஊரில் நாலு நாள் தங்க வேண்டியிருக்கும்.