வெளுத்ததெல்லாம் மருந்தா?

இரண்டு வெள்ளிக் கம்பி. மூணு பேட்டரி. ஒரு டம்ளர் தண்ணீர். கொஞ்ச நேரம் கரண்ட் பாய்ச்சினால் போதும், சகல வியாதிக்கும் மருந்து தயார்!

இப்படி ஒரு செய்முறை செல்போன் வீடியோக்களில் உலவுகிறது. வெளிநாட்டில் கிளம்பிய சரக்கு. சளி, காய்ச்சல் முதல் சர்க்கரை, புற்றுநோய் வரை இந்த 'வெள்ளித் தண்ணீர்' தீர்த்துவிடுமாம். டாக்டர் வேண்டாம், மருந்துக்கடை வேண்டாம், பீஸும் வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

ஆனால் அந்த டம்ளரைக் கையில் எடுக்கும் முன் கள்ளக்குறிச்சியை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஏழைக் கூலித் தொழிலாளிகள் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தார்கள். வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் ஆஸ்பத்திரிகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் பறந்தன. 60 பேருக்கு மேல் பலி! பெண்களும் தப்பவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான், 2023 மே மாதம், மரக்காணம் பக்கமும் மதுராந்தகம் பக்கமும் இதே விஷம் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

கொன்றது மெத்தனால். தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்படும் சரக்கு. சாராயத்தில் போதை தருவது எத்தனால். இரண்டும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். மெத்தனால் உடம்புக்குள் போனதும் பார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத்தான் தாக்கும். குடித்தவருக்கு வித்தியாசம் தெரியுமா? தெரிந்திருந்தால் குடித்திருப்பாரா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கல்வராயன் மலை ஓடையோரத்தில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல் ஆகட்டும், பாக்கெட் சாராயம் ஆகட்டும், வீட்டு மேஜையில் பேட்டரி வைத்துச் செய்த வெள்ளித் தண்ணீர் ஆகட்டும், மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றே. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

வெள்ளித் தண்ணீர் என்பது என்ன? பள்ளிக்கூடத்தில் 'கூழ்மம்' என்று படித்திருப்பீர்கள். பால்கூட அந்த ஜாதிதான். கரண்ட் பாயும்போது கம்பியிலிருந்து வெள்ளி கரைந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகத் தண்ணீரில் நிற்கிறது. எவ்வளவு கரையும் என்பது பேட்டரியைப் பொறுத்தது, நேரத்தைப் பொறுத்தது, தண்ணீரின் உப்பைப் பொறுத்தது. போர் தண்ணீரில் ஒரு விதம், கேன் தண்ணீரில் ஒரு விதம். இன்று செய்தது போல் நாளை வராது.

கம்பி சுத்த வெள்ளிதானா? அதுவும் தெரியாது. சேலத்துக் கொலுசுக் கடையில் கேட்டுப் பாருங்கள், வெள்ளியில் செம்பு சேர்ப்பது ஏன் என்று சொல்வார்கள். உறுதிக்காகச் சேர்ப்பது நகைக்குச் சரி. அதையே தண்ணீரில் வைத்துக் கரண்ட் விட்டால் செம்பும் கரைந்து வயிற்றுக்குள் போகும். பேட்டரிக்குப் பதிலாக மெயின் கரண்டை ஒட்டுப்போட்டுச் செய்கிறவர்களுக்கு மருந்து குடிக்கும் முன்பே ஷாக் காத்திருக்கிறது.

சரி, குடித்தால் என்ன ஆகும்? உடம்பில் சேரும் வெள்ளி தோலில் போய்த் தங்குகிறது. பழைய போட்டோ பிலிமில் வெளிச்சம் பட்டால் வெள்ளி உப்பு கறுக்கும் அல்லவா? அதேபோல வெயில் பட்ட தோல் சாம்பல் கலந்த நீலமாகிறது. பெயர் ஆர்ஜிரியா. கழுவினாலும் போகாது, களிம்பு தடவினாலும் போகாது.

அமெரிக்காவில் பால் கராசன் என்பவர் வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் தயாரித்து வருஷக்கணக்கில் குடித்தார். முகமே நீலமானது. 2013-ல் இறக்கும்வரை அந்த நிறம் மாறவில்லை. மொண்டானா மாநில அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ், 2000-ம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் நின்று மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து 1999-ல் இதையே செய்தார். அவருக்கும் தோல் நிறம் மாறியது. அந்த 1999-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இது பாதுகாப்பானதும் அல்ல, பலன் தருவதும் அல்ல என்று அறிவித்துவிட்டது. தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் உடம்பில் சேராமல் இது தடுக்கும் என்பது இன்னொரு ஆபத்து.

'மெத்தனால் மாதிரி இது ஆளைக் கொல்லாதே' என்று கேட்கலாம். உண்மை, ஒரே ராத்திரியில் கொல்லாது. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை! சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பவருக்கு வெள்ளி எமன் அல்ல, கைவிட்ட மாத்திரைதான் எமன்.

'வெள்ளி மருந்தே இல்லையா?' இருக்கிறது. தீக்காயத்துக்கு வெள்ளி கலந்த களிம்பை டாக்டர்கள் தடவுகிறார்கள். சித்த வைத்தியத்தில் வெள்ளி பற்பம் உண்டு. ஆனால் ஒன்று தோலுக்கு மேல் தடவுவது. மற்றது சுத்தி செய்து, புடம் போட்டு, லைசென்ஸ் பெற்றவர் தயாரித்து, பதிவு பெற்ற வைத்தியர் அளந்து கொடுப்பது. அளவு தெரிந்தவன் கையில் மருந்து, தெரியாதவன் கையில் விஷம்.

சட்டமும் இருக்கிறது. சர்க்கரை, புற்றுநோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் மருந்து தயாரித்து விற்பதும் குற்றம். கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை என்று சட்டத்தை இறுக்கியது கருணாபுரத்தில் பிணங்கள் விழுந்த பிறகுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! இந்த விஷயத்திலாவது மருந்து ஆய்வாளர்கள் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வேண்டும்.

மக்கள் ஏன் இப்படிப்பட்டதை நம்புகிறார்கள் என்பதையும் அரசு யோசிக்க வேண்டும். கல்வராயன் மலை மக்களின் ரோடு, பள்ளிக்கூடம், பிழைப்பு பற்றி 2024-ல் சென்னை ஐகோர்ட் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. டாக்டர் எட்டாத ஊரில் டம்ளர் வைத்தியம் எட்டிப் பார்க்கத்தான் செய்யும். மலையில் ஒரு ஊருக்குப் பெயரே வெள்ளிமலை. அங்கே உள்ளவனுக்கு வேண்டியது வெள்ளித் தண்ணீர் அல்ல. ராத்திரி நேரத்திலும் ஒரு டாக்டர், மழையிலும் போகிற ரோடு, கூப்பிட்டதும் வருகிற 108.

அதுவரை வாசகர்களுக்கு ஒரே வார்த்தை: அளக்காத மருந்தைத் தொடாதீர்கள். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.