திறப்புக் கல்லில் இல்லாத பெயர்கள்

வன்னியின் மீள்குடியேற்றக் கிராமங்களில் முளைத்திருக்கும் சிறிய கிறிஸ்தவ சபைகளைப் பற்றிப் பேச்சு எழும்போது முதலில் வருவது ஒரே கேள்விதான்: இதை யார் கட்டிக் கொடுத்தது? அயலவர் கேட்கிறார், அலுவலர் கேட்கிறார். சபையாரும் அந்தக் கேள்விக்கே பதில் சொல்வதுபோல, அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், காசு அனுப்பிய வெளிநாட்டுச் சபை என்று பளிங்குக் கல்லில் பொறித்துச் சுவரில் பதிக்கிறார்கள். தறப்பாளின் கீழ் முதலில் கூடிய ஏழெட்டுப் பேர் அந்தக் கல்லில் இருப்பது அரிது. ஒரு சபையின் தொடக்கம் அந்த ஏழெட்டுப் பேர்தான் என்பதும், அதை எழுதி வைக்கும் கடமை சபைக்கே உரியது என்பதும் என் வாதம்.

இதில் பப்டிஸ்ட் சபைகளின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. 1812 இல் ஜேம்ஸ் சேற்றர் கொழும்பில் வந்திறங்கியதோடு இலங்கையில் அவர்களது பணி தொடங்கியது. வடக்கில் வெஸ்லியன், அமெரிக்கன், அங்கிலிக்கன் மிஷன்கள் வேரூன்ற, பப்டிஸ்ட்டுகள் பெரும்பாலும் தெற்கிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களிடம் குழந்தை ஞானஸ்நானம் இல்லை. வளர்ந்த ஒருவர் சபை முன் எழுந்து தன் விசுவாசத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சபையார் ஏற்றுக்கொண்டால் தண்ணீரில் முழுகி அங்கத்தவராகலாம். கட்டடம் அதற்குப் பிறகுதான். எடுத்துக்காட்டாக, இந்தியாவின் ஆந்திரத்து ஓங்கோலில் 1867 ஜனவரி 1 அன்று தொடங்கிய பப்டிஸ்ட் சபைக்கு அங்கத்தவர் எட்டுப் பேர். அந்த வட்டாரத்தில் அதற்கு வழி திறந்தவர்கள், முந்திய ஆண்டு ஞானஸ்நானம் பெற்றிருந்த ஏரகுண்ட்ல பேரய்யாவும் அவர் மனைவி நாகம்மாவும். பேரய்யா தோல் தொழில் செய்த மாதிகர் சாதியினர். ஊருக்குள் சரிசமமாக நிற்கவே அனுமதி இல்லாதவர். மிஷனரி ஜோன் கிளவ்வின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

உதவிக்காக மதம் மாறினார்கள் என்ற குற்றச்சாட்டு வன்னியில் போருக்குப் பின் பலமாகவே கேட்கிறது. அதை வெறும் காழ்ப்பு என்று தள்ள முடியாது. எல்லாம் இழந்தவனிடம் அரிசியையும் வேதத்தையும் ஒரே கையால் நீட்டுவது தவறுதான். ஓங்கோலிலும் இதே சிக்கல் வந்தது. 1876-78 பஞ்சத்தில் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். அந்தக் காலம் முழுவதும் ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தார். வேலை முடிந்த பின் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு எடுத்தார்கள். சோறு தந்த கையை அவர்கள் மறந்திருப்பார்களா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. எனக்கும் அந்த 2,222 பெரிதாகத் தெரியவில்லை. நிறுத்தி வைத்த அந்த மாதங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. யார், எப்போது, எந்த நிலையில் சேர்ந்தார் என்று திகதியோடு குறித்து வைக்கும் சபையிடம்தான் இப்படிச் சொல்ல ஏதாவது இருக்கும். நிவாரணம் நின்ற பிறகும் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்பதையும் அந்தக் குறிப்பே காட்டும்.

பெயர்ப் பட்டியல் என்றாலே வன்னிச் சனத்துக்கு நெஞ்சு பதறும். சாவடியிலும் முகாமிலும் பெயர் கொடுத்துப் பட்ட பாடு அப்படி. இதுதான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான மறுப்பு. ஆனால் ஆள்பவன் எழுதும் பட்டியல் வேறு, அங்கத்தவர் தாமே எழுதி வைப்பது வேறு. ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளான தோம்புகளில் கிறிஸ்தவர்களாகப் பதிவானவர்கள் ஏராளம். உத்தியோகமும் உரிமையும் ஞானஸ்நானத்தோடு பிணைந்திருந்த காலம் அது. அந்த ஆட்சி போனதும் பெரும்பாலானோர் பழைய வழிபாட்டுக்கே திரும்பினர். சபையின் ஏடு சபைக்குள்ளேயே இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல், வந்த ஊரையும் ஆண்டையும் மட்டும் குறித்தாலும் போதும்.

அரச அலுவலருக்குக் காட்ட அல்ல இந்த ஏடு. புதிய வழிபாட்டுத் தலங்களுக்கு முன் அனுமதி கோரிய 2008 ஒக்டோபர் சுற்றறிக்கை, வீட்டில் கூடும் சிறு சபைகளைத் தடுக்கவும் பயன்பட்டிருக்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 14(1)(உ) கூடி வழிபடும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. அதில் கட்டடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. புதிய சபைகள் தம் ஆடுகளைத் திருடுவதாகப் பழைய சபைகள் குறைபடுவதும் உண்மையே. ஒருவர் எந்தச் சபையிலிருந்து வந்தார் என்று ஏட்டில் எழுதினால், தாய்ச்சபையிடம் கடிதம் கேட்டு வாங்கும் பழைய மரியாதையாவது மீளும்.

2009 இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தவர்களிடம் பழைய ஏடுகள் எஞ்சியிருக்க வழியில்லை; நினைவுகள்தான் மிச்சம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களில், அன்று இருபது வயதாயிருந்தவர்களுக்கே இன்று ஏறத்தாழ எழுபது ஆகிறது. போதகர்மார் அடுத்த திறப்பு விழாவுக்குக் கல் வெட்டக் கொடுக்குமுன் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதட்டும்.