அபராதத்தோடு வகுப்பும் வேண்டும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல்முறை பிடிபடுபவருக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு. கடுமையான தண்டனைதான். ஆனால், பணத்தைக் கட்டிவிட்டு நீதிமன்றப் படியிறங்குபவர், மதுவைப் பற்றிப் புதிதாக எதையும் தெரிந்துகொண்டு போவதில்லை. முதல்முறை பிடிபட்டவர் அன்றைக்குத்தான் முதல்முறை குடித்துவிட்டு ஓட்டினார் என்றும் சொல்வதற்கில்லை. திருந்துவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள அந்தத் தருணத்தை அபராத ரசீதோடு முடித்துவிடுகிறோம். இவர்களுக்கு மது, போதைப்பொருள் குறித்த கட்டாய வகுப்பு வேண்டும்.

அங்கே கற்பிக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 180 மில்லி குவாட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நம் சட்டம் அனுமதிப்பதோ 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரு குவாட்டர் குடித்தவரின் ரத்தம் அந்த அளவுக்குக் கீழே இறங்க, உடல்வாகைப் பொறுத்து ஏழெட்டு மணி நேரம்கூட ஆகலாம். மோரும் எலுமிச்சைச் சாறும் குளியலும் அதை விரைவுபடுத்தாது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். இரவு வெகுநேரம் குடித்துவிட்டு, விடிந்ததும் தெளிந்துவிட்டதாக நம்பி வேலைக்குக் கிளம்புபவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொன்னதில்லை.

வகுப்பால் யார் திருந்தினார்கள் என்ற கேள்விக்கு ஆய்வுகள் பதில் சொல்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் வெல்ஸ்-பார்க்கர் குழுவினர் 215 ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் வெளியிட்ட முடிவின்படி, இத்தகைய திட்டங்களால் மீண்டும் குடித்துவிட்டு ஓட்டுவது 7 முதல் 9 சதவீதம் குறைந்தது. பாடத்தோடு ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும் சேர்ந்தபோது பலன் கூடியது. இது அற்புதம் இல்லைதான். ஆனால், சாலையில் அந்தச் சில சதவீதம் என்பது மனித உயிர்கள்.

குற்றவாளிக்குச் சலுகையா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. அதனால்தான் வகுப்பு தண்டனைக்கு மாற்றாக இருக்கக் கூடாது. தண்டனையோடு சேர்ந்தே வர வேண்டும். பிரிட்டனில் 16 மணி நேர வகுப்பை முடிப்பவருக்கு ஓட்டுவதற்கான தடைக்காலம் கால்பங்கு வரை குறையுமே தவிர, தண்டனை நீங்கிவிடாது. கட்டணமும் அவருடையதே. குடிநோயாளியை வகுப்பு குணப்படுத்தாது என்பதும் உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பரிசோதனையை முதல் நாளே நடத்தினால், அத்தகையவரை அடையாளம் கண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். போதைப்பொருளுக்கு அடிமையானவரைத் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே சில வழக்குகளில் இடம் தருகிறது.

செலவுக்கு எங்கே போவது? 2003 முதல் மதுவைச் சில்லறையில் தானே விற்றுவரும் தமிழக அரசு இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. தினக்கூலிக்காரர்களுக்கு ஞாயிறு வகுப்பும் குறைந்த கட்டணமும் தருவது அதன் கடமை. உரிமம் பறிக்கப்பட்டவர் புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. 185ஆவது பிரிவில் சிக்கியவர்களுக்கு அந்தப் பயிற்சியில் மது குறித்த பாடமும் ஆலோசகரும் கட்டாயம் இருக்கட்டும். அதை முடித்த பிறகே உரிமம் அவர்கள் கைக்குத் திரும்பட்டும்.