சதுர அடிக்கு முன்னால் வெளிச்சத்தைக் கேளுங்கள்!

பிளாட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா? சதுர அடி, லிஃப்ட், கார் நிறுத்த இடம் எல்லாம் விசாரித்திருப்பீர்கள். "வெயில் எந்தப் பக்கம் விழும்? காற்று எந்த வழியா வந்து எந்த வழியா போகும்?" என்று கேட்டீர்களா?

தூக்கமின்மை, உடம்புவலி, ஓயாத தும்மல் என்று வருபவர்களிடம், நாடி பார்த்த கையோடு நான் கேட்கும் கேள்வி இது. "பகல்லயும் லைட் போட்டாத்தான் டாக்டர் வெளிச்சம்" என்கிறார்கள் பலர். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரும். கண்ணாடி ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும். திறந்த வெளி வேண்டும்.

தென்காசிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று, குற்றாலச் சாரலையும் கூடவே கொண்டுவரும். காற்று வேண்டும், ஈரம் உள்ளே தங்கக் கூடாது. தங்கினால் சுவரில் பூசணம், பிள்ளைகளுக்கு இளைப்பு. அதற்குத்தான் நம் பெரியவர்கள் திண்ணை, தார்சா, நடுவில் முற்றம் என்று வைத்தார்கள்.

"தரை வீட்டுக்குச் சரி, அடுக்குமாடிக்கு ஆகுமா?" என்கிறீர்களா? ஆகியிருக்கிறதே! மும்பையில் 1983-இல் முடிந்த கஞ்சன்ஜங்கா குடியிருப்பைப் பாருங்கள். 28 மாடி, 84 மீட்டர் உயரம். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவுக்கும் நம்முடைய அதே சிக்கல்தான். கடல்காற்று மேற்கிலிருந்து வருகிறது. மாலை வெயிலும் மழையும் அதே திசையில்! பழைய பங்களாக்களைச் சுற்றியிருந்த வராந்தாவை அவர் நினைத்துப் பார்த்தார். கட்டடத்தின் மூலைகளைக் குடைந்து, இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த தோட்ட வராந்தாக்களை அமைத்தார். வெயிலும் மழையும் அங்கேயே மட்டுப்படும். காற்று வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் போகும்.

"அது பணக்காரர் வீடு, நமக்கு ஆகுமா?" என்று தள்ளிவிடாதீர்கள். அதே கொரியா நவி மும்பை பேலாப்பூரில், குறைந்த வருமானக்காரர்களையும் மனதில் வைத்து, சிறு முற்றத்தைச் சுற்றி ஏழேழு வீடுகளாகக் கட்டினார். நம் நெல்லைச் சீமை வளவு வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. இனி இங்கும் மாடிமேல் மாடி எழும்பத்தான் செய்யும். எழும்பட்டும். ஆனால் முற்றத்தை 'வேஸ்ட்' என்று அடைத்துவிட்டு, மிச்சப்படுத்திய காசை மருந்துக் கடையில் கொடுப்பது என்ன சிக்கனம்?

ஆகவே, வீடு பார்க்கும்போது எதிரெதிர் ஜன்னல் இருக்கிறதா, குளியலறைக்கு வெளிக்காற்று வருகிறதா, பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார முடியுமா என்று பாருங்கள். பகலில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே பிளாட்டில் இருப்பவர்கள் பால்கனியைச் சாமான் அறையாக்காதீர்கள். ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். பாட்டியைத் தினமும் கொஞ்ச நேரம் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போங்கள்.