பழ ரொட்டிக்கும் ஆயுள் உண்டு!

கல்லிடைக்குறிச்சியில் வாழைப்பழத்துக்குப் பஞ்சம் கிடையாது. தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும் பாய்கிற வயல்களில் நெல்லுக்கு அடுத்தபடி நிற்பது வாழைதான். நாட்டுப்பழம், கதலி, கோழிக்கூடு, ஏத்தன் என்று தாராய் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் ஒரு தார் பழுக்க ஆரம்பித்தால் நாலே நாளில் மொத்தமும் பழுத்துவிடும். ஒரு பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைப்பதுதான் காரணம். நாலு பேர் உள்ள குடும்பம் எத்தனை பழம்தான் தின்ன முடியும்?

அந்தக் காலத்தில் கனிந்த பழத்தைப் பிசைந்து, வெல்லமும் அரிசி மாவும் சேர்த்து அப்பம் சுட்டுவிடுவார்கள். சுட்ட அன்றே தீர்ந்தும்விடும். 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது உலகம் பூராவும் வீட்டுக்கு வீடு 'பனானா பிரெட்' செய்தார்கள். அமெரிக்காவில் 1930-களில் பரவிய பலகாரம் இது. இப்போது நம் அக்ரஹாரத்து வீடுகளிலும் தெருக்களிலும் ஓவன் வைத்திருப்பவர்கள் ஓவனிலும், இல்லாதவர்கள் குக்கரில் வெயிட்டையும் கேஸ்கெட்டையும் எடுத்துவிட்டும் இந்த வாழைப்பழ ரொட்டியைச் செய்கிறார்கள். பழம் வீணாகாமல் இருப்பது நல்ல விஷயம். பேக்கரியில் வாங்குவதைவிட வீட்டில் செய்வது மேல் என்பதிலும் சந்தேகமில்லை.

என் ஆட்சேபம் ரொட்டியின் மேல் இல்லை. செய்து முடித்த பிறகு நாம் அதை நடத்துகிற விதத்தின் மேல்தான். முதல் நாள் ஆசையாகச் சாப்பிடுகிறோம். இரண்டாம் நாள் டைனிங் டேபிளில் கிடக்கிறது. மூன்றாம் நாள் லேசாக ஒரு வாடை வந்ததும், "ஐயோ, கெட்டுப் போயிரும்" என்று ஃபிரிட்ஜுக்குள் தள்ளுகிறோம். அதற்குப் பிறகு ஒரு வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டப்பாவில் அது போய் வருகிறது. வயிற்றுவலி, பேதி என்று பிள்ளைகளைக் கூட்டி வருகிற தாய்மாரிடம் என்ன சாப்பிட்டான் என்று விசாரித்தால், "வீட்டுப் பலகாரம்தான் ஐயா" என்றே பதில் வருகிறது. வீட்டில் செய்தது என்பதால் கெடாமல் இருந்துவிடுமா?

அப்பளம் கெடுவதில்லை, ஏன்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். உளுந்து மாவைப் பிசைந்த ஈரத்தோடு அப்படியே வைத்தால் மறுநாளே புளித்து நாறும். அதே மாவை அப்பளமாக இட்டு, உலர்த்தி, டப்பாவில் அடைத்தால் மாதக்கணக்கில் இருக்கிறது. இடையில் போனது ஈரம் ஒன்றுதான். பழனிப் பஞ்சாமிர்தத்தையும் பாருங்கள். வாழைப்பழம்தான் அதற்கு முதல் சரக்கு. ஆனாலும் சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் தேனும் பழத்திலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்கு அது எட்டுவதில்லை.

வாழைப்பழ ரொட்டியில் இந்த இரண்டு காவலும் இல்லை. பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதோடு முட்டை அல்லது தயிர், பால், எண்ணெய். "நாலு நாள் ஆனாலும் பஞ்சு மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கு" என்று பெருமைப்படுகிறோம். அந்த மெத்துமெத்துதான் பூஞ்சைக்கும் பிடித்தமானது.

"ஓவன் சூட்டில் கிருமியெல்லாம் செத்துப் போகாதா?" என்று கேட்கலாம். ஓவனுக்குள் 175, 180 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. பூஞ்சை செத்துவிடும். ஆனால் சிலவகை பாக்டீரியாக்களின் வித்துகள் அந்தச் சூட்டையும் தாங்கும். ரொட்டியைப் பிய்த்தால் நூல் நூலாக இழுபட்டு, அழுகிய பழ வாடை வருவது இவற்றால்தான். பழத்தின் மணத்தில் இந்த வாடை மறைந்துவிடும் என்பதால் வாழைப்பழ ரொட்டியில் கூடுதல் ஜாக்கிரதை தேவை. தவிர, ஆறும்போதும், கத்தி பட்டு வெட்டும்போதும் காற்றிலிருந்து புதுப் பூஞ்சை வித்துகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

சித்த மருத்துவம் சொல்லும் கணக்கு

"பழையதைத் தொடாதே என்று சொல்ல வேண்டிய சித்த வைத்தியர், ஃப்ரீஸரைப் பற்றிப் பேசலாமா?" என்று என்னிடமே சிலர் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, முந்தின நாள் சமைத்த கறியை விலக்கத்தான் சொல்கிறது. ஆனால் அதே மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைக்கவில்லை. சித்த மருத்துவத்தில் உள்மருந்துகள் 32 வகை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் சொல்லப்பட்டிருக்கிறது. சாறு, குடிநீர், கற்கம், உட்களி, அடை இவற்றுக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். லேகியத்துக்கு 6 மாதம்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடையும் உட்களியும் மாவும் ஈரமும் சேர்ந்தவை. 3 மணி நேரத்தோடு சரி. அதே சரக்கை உலர்த்திப் பொடித்தால் 3 மாதம். பாகில் இட்டு நெய்யும் தேனும் சேர்த்துக் கிண்டினால் 6 மாதம். நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே ஈரத்தின் கணக்கைப் பிடித்துவிட்டார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருந்து கெட்டதும் மோந்து பார்த்து முடிவு செய்யச் சொல்லவில்லை. செய்கிறபோதே அதன் ஆயுள் தீர்மானமாகிவிடுகிறது.

பழ ரொட்டிக்கும் அதே மாதிரி, ஆறிய அன்றைக்கே ஆயுளைத் தீர்மானித்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு, எடுத்து வைப்பது எவ்வளவு என்று அன்றே பிரித்துவிட வேண்டும். மிஞ்சிய பிறகு யோசிப்பதில்தான் கோளாறு வருகிறது.

ஃபிரிட்ஜ் வேறு, ஃப்ரீஸர் வேறு

குளிர் கிருமியைக் கொல்வதில்லை. ஃபிரிட்ஜின் 4, 5 டிகிரியில் அவை மெதுவாக வளரும். ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரியில் தூங்கும். வெளியே எடுத்தால் விழித்துக்கொள்ளும். ஆகவே மூன்று நாள் ஆன ரொட்டியை ஃப்ரீஸரில் வைத்தால், மூன்று நாள் ஆன ரொட்டியாகத்தான் திரும்பி வரும். புதிதாக வைத்தால்தான் புதிதாகக் கிடைக்கும்.

நம் ஊர் வெயிலுக்கு வெளியில் ஒரு நாள் போதும். ஃபிரிட்ஜில் மூடிய டப்பாவில் மூன்று நாள். ஆனால் ஃபிரிட்ஜ் குளிரில் மாவுச்சத்து இறுகி ரொட்டி சீக்கிரம் வறண்டு போகும். எனவே இரண்டு நாளுக்கு மேல் தேவை என்றால் ஃப்ரீஸர்தான் சரி. சூடு முழுக்க ஆறிய பிறகு துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு, மேலே தேதியை எழுதி வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராக இறங்கி, அதுவே பூஞ்சைக்கு வழி பண்ணும். பல வீடுகளில் உள்ள ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸர் அவ்வளவு குளிராது. அடிக்கடி மின்சாரம் போனால் இன்னும் மோசம். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தேவைப்படும் துண்டை மட்டும் எடுத்து, தோசைக்கல்லில் மெல்லிய தீயில் சூடாக்கினால் போதும். உருகியதை மறுபடியும் உறைய வைக்கக் கூடாது.

இதைவிடச் சுலபமான வழி, பழத்தையே உறைய வைப்பது. நன்கு கனிந்த பழத்தை உரித்து, துண்டாக்கி, ஃப்ரீஸரில் வைத்துக்கொண்டால் வேண்டும்போது அரை அளவு ரொட்டி செய்யலாம். உரிக்காமல் வைத்தால் தோல் கறுத்து, உரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழம் ரொட்டிக்கு நல்லதுதான். பூசணம் பிடித்ததும், கள் வாடை அடிப்பதும் ஆகாது.

ஓர் ஓரத்தில் பூஞ்சை பிடித்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஈரப்பதமுள்ள ரொட்டியில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுவதையும் தூக்கி எறியுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

"சீனியே போடல ஐயா!"

வீட்டில் பழ ரொட்டி இருந்துகொண்டே இருந்தால் இன்னொரு சங்கடமும் வருகிறது. நீரிழிவு உள்ள பெரியவர்கள், "சீனியே போடல, பழத்து இனிப்புதான். சாப்பிடலாம்லா?" என்று கேட்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 2 கப் மைதா என்பது சுமார் 250 கிராம். அதில் முக்கால் பங்கு மாவுச்சத்து. பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு மைதாவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 19 கிராம். பழத்தின் சர்க்கரை அதற்கு மேல். வழக்கம்போல ஒரு கப் சீனியும் போட்டால், துண்டுக்கு 4 தேக்கரண்டி சீனி சேர்ந்துவிடும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை போட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கோதுமை மாவில் செய்தாலும் கொஞ்சம் வித்தியாசமே தவிர, மருந்தாகிவிடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழத்தின் பொட்டாசியத்தையும், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சமையல் சோடாவின் உப்பையும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃப்ரீஸரில் துண்டாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முழு ரொட்டி மேஜையில் இருந்தால் போகிற வருகிற போதெல்லாம் கை நீளும். தேதி எழுதிய துண்டு உள்ளே இருந்தால் அளவு தானாக நிற்கும்.

தாய்மார்களே, அடுத்த முறை பழம் கனிந்து ரொட்டி செய்யும்போது மூன்று பழத்துக்குப் பதில் ஒன்றரைப் பழத்தில் செய்து பாருங்கள். அன்றே தீர்ந்துவிட்டால் ரொம்ப நல்லது. மிஞ்சுகிற பழத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் அவர்களும் சந்தோஷப்படுவார்கள். அதையும் மீறிச் சேர்த்து வைக்கத்தான் வேண்டும் என்றால், ரொட்டி ஆறிய அன்றே, தேதி எழுதி, ஃப்ரீஸரில் வையுங்கள்.